நைனா என்றொரு வசைச்சொல்

லாங்டன் கம்பெனியில் வேலை செய்கிறேன் என்று ஒருவன் சொன்னால், திருவொற்றியூரில் யாரும் எத்தனை வருஷ சர்வீஸ் என்று கேட்கமாட்டார்கள். "பித்தளையா, தகரமா?" என்றுதான் கேட்பார்கள். பெண் கொடுக்கிறவன் கேட்பான், வீடு வாடகைக்கு விடுகிறவன் கேட்பான், சலூனில் சவரம் பண்ணுகிறவன்கூட முகத்தில் சோப்புப் போடுவதற்கு முன்னால் கேட்பான்.

காலையில் கேட்டில் நுழையும்போது ஆளுக்கொரு பில்லை கொடுப்பார்கள், நம்பர் வெட்டிய வட்டப் பில்லை. பர்மனெண்ட் ஆளுக்குப் பித்தளை. டெம்பரவரி ஆளுக்கு, அங்கேயே மண்ணெண்ணெய் டின்னுக்கு வெட்டி மிச்சமான தகரத்தில் அடித்தது. பித்தளையைத் துடைத்தால் பளபளக்கும். தகரம் இடுப்பு வேர்வையில் துருப்பிடித்து வேட்டியில் கறை வைக்கும். அந்தக் கறை எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. கம்பெனியின் தெற்கு கேட்டுக்குப் போய் இரண்டு பக்கமும் பூந்தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், உள்ளே நுழையமுடியாது, அது ஆபீஸ்காரர்களுடைய கேட்டு. வேலைக்காரர்களுக்கு ரயில்பாதைப் பக்கம் இருந்த வடக்கு கேட்டு. டீ குடிக்கும் இடத்திலும் இந்தக் கதைதான். ஆபீசுக்குப் பீங்கான், கிளார்க்குகளுக்குக் கண்ணாடி, பித்தளைக்கு அலுமினியத் தம்ளர், தகரத்துக்கு ஒட்டுச் சரியில்லாமல் கழித்துப் போட்ட டப்பா. தங்கள் கையால் கெடுத்ததைத் தாங்களே குடிக்கவேண்டும் என்பது கம்பெனியின் நியாயம்.

சவரிநாதன் ஏழு வருஷமாகத் தகரம். ஏழு வருஷமும் ஒரே ஷெட்டில், ஒரே பலகையில், ஈயப்பத்து வைக்கிற வேலை. ஆனால் கம்பெனிக் கணக்கில் அவனுக்கு ஒரு வருஷ சர்வீஸ்கூட இல்லை. பதினோரு மாசம் முடிந்ததும் பில்லையைப் பிடுங்கிக்கொண்டு பதினைந்து நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பெயர் பிரேக். பதினாறாம் நாள் புது ஆளாக மறுபடி எடுத்துக்கொள்வார்கள். ஏழு தடவை புது ஆளாகச் சேர்ந்தவன் அவன்.

அதையும் சகித்துக்கொண்டிருப்பான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனுடைய முதல் பிள்ளைக்கு ஜுரம் கண்டு கண் சொருகியபோது, குடியிருந்த காலடிப்பேட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த கம்பெனி ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினான். கம்பவுண்டர் கெட்ட மனுஷனில்லை. எழுந்து வந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பித்தளையா, தகரமா?" பெண்டாட்டி பிள்ளைகளுக்கு மருந்து பித்தளைக்குத்தான். அங்கே நின்று கெஞ்சிய நேரத்தில், பக்கத்து வீட்டு உசேன் எங்கிருந்தோ ஒரு கை ரிக்ஷாவை இழுத்துக்கொண்டு வந்தான். அவனே இழுத்தான், செருப்பில்லாத காலோடு, சித்திரை வெயிலில், ராயபுரம் ஆஸ்பத்திரிக்கு. கல்மண்டபம் தாண்டும்போது பிள்ளையின் மூச்சு நின்றுவிட்டது. பிள்ளையை மடியில் வைத்திருந்த அவன் பெண்டாட்டி ஐரீன் அதைச் சொல்லவில்லை. உசேன் அது தெரியாமல் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓடினான்.

இப்போது ஐரீனுக்கு ஏழு மாசம்.

*

உசேனும் தகரம்தான். ஷெட்டில் சவரிநாதனுக்கு அடுத்த பலகை. காய்ச்சிய செம்புக் கோலால் ஈயத்தை இழுத்து டின்னின் மூட்டை அடைப்பது சவரிநாதன் வேலை. அடைத்த டின்னைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது உசேன் வேலை. குமிழி வந்தால் உசேன் கத்துவான்: "நைனா, உன் டின்னு மூச்சு வுடுது, வந்து பாரு!" ஆசிட் புகையில் கண் எரியும், தொண்டை கமறும். கடல் காற்று பின்சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். இத்தனையிலும் அந்த ஷெட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதென்றால் அது உசேனால்தான்.

உசேனுக்கு உலகத்தில் எல்லோரும் நைனாதான். ஷெட்டில் இருக்கிறவன் நைனா, டீக்கடைக்காரர் நைனா, சண்டைக்கு வருகிறவனும் நைனா. மாரியம்மன் கோயில் பூசாரியையும் பள்ளிவாசல் மோதினாரையும் அதே வார்த்தையால்தான் கூப்பிடுவான், இருவரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் என்ன மரியாதை, என்ன செல்லம் என்று யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்தில் பிறந்தவனுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி.

அந்தக் கோடையில் கம்பெனிக்குப் புதிதாக லேபர் ஆபீசர் என்று ஒருவர் வந்தார். பெயர் வேங்கடவரதன். முப்பது வயதுகூட இருக்காது. சட்டம் வந்துவிட்டதாம், தொழிலாளிகளின் நலத்தைப் பார்க்க ஒரு ஆபீசர் இருக்கவேண்டுமாம். நலத்தைப் பார்க்க அவர் ஒருநாள் மேனேஜர் துரையோடு ஈயப்பத்து ஷெட்டுக்கு வந்தார். கத்திரி வெயில். கோட்டு போட்டிருந்தார், புது பூட்ஸ் போட்டிருந்தார். துரைக்கு எதையோ இங்கிலீஷில் விளக்கிக்கொண்டே பின்னால் நகர்ந்து நகர்ந்து, உருகின ஈயம் இருந்த சட்டிக்கு ஒரு சாண் பக்கத்தில் வந்துவிட்டார். இன்னும் ஒரு அடி வைத்தால் பூட்ஸும் இல்லை, காலும் இல்லை.

உசேன்தான் பார்த்தான். "நைனா! நைனா! காலு, காலு! தள்ளி நில்லு நைனா!" என்று தொட்டியிலிருந்து ஈரக் கையோடு பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

ஷெட்டில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். பயத்தில் வந்த சிரிப்புதான். ஆனால் கோட்டுக் கையில் கறுப்பாக ஐந்து விரல் பதிந்திருந்தது. துரை கேட்டார், இவன் உங்களை என்னவென்று கூப்பிட்டான் என்று. வேங்கடவரதனுக்கு முகம் சிவந்துவிட்டது. இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரையின் புருவம் ஏறியது. அவ்வளவுதான் நடந்தது. ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

*

மூன்றாம் நாள் வடக்கு கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கூட்டம் கூடிவிட்டது. அந்தக் கூட்டத்தில் படிக்கத் தெரிந்தவன் சவரிநாதன், மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவன். அவனை முன்னால் தள்ளினார்கள்.

"'தொழிற்சாலை எல்லைக்குள் மேலதிகாரிகளை விளிக்கும்போது கீழ்க்கண்ட அநாகரிகமான சொற்களைப் பயன்படுத்துவது தண்டனைக்குரிய குற்றமாகும்'" என்று சவரிநாதன் எழுத்துக் கூட்டிப் படித்தான். "'ஒன்று, நைனா. இரண்டு, மாமு. மூன்று, வாத்யாரே. நான்கு, தோஸ்து. ஐந்து...'"

"அடப்பாவி, சுத்தத் தமிழ்ல திட்றியே!" என்றாள் டின் அடுக்குகிற ஜெயக்கொடி. "இத்தப் படிச்சதுக்கே உன்ன வூட்டுக்கு அனுப்பப் போறாங்க."

"ஃபோர்மேன் கோம்ஸ் துரை காலைல வந்தா சூவர், பன்னின்னு கூப்புடுவாரு, சாய்ங்காலம் போறப்ப ப்ளடின்னு கூப்புடுவாரு," என்றான் ஒருவன். "அது நோட்டீஸ்ல எத்தினியாவது நம்பரு, பாத்து சொல்லு."

"அது கீழ இருந்து மேல போற வார்த்தைக்கு மட்டும்தான்யா. மேல இருந்து கீழ வர்றது அதுல வராது" என்றாள் ஜெயக்கொடி.

எல்லோரும் சிரித்தார்கள். உசேன் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான். "வாப்பா நைனா, போலாம், பில்லை வாங்க லேட்டாயிடும்" என்று சவரிநாதனின் தோளில் கை போட்டான். ஜன்னலில் பில்லை கொடுக்கிறவன் உசேனுக்குப் பில்லையோடு ஒரு காகிதத்தையும் நீட்டினான். சார்ஜ் ஷீட். அதிகாரியை வசைச்சொல்லால் அழைத்தது, கை வைத்து இழுத்தது. வெள்ளிக்கிழமை விசாரணை.

அன்று மத்தியானம் சவரிநாதனை டைம் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஹெட் கிளார்க் தேவப்பிரியம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நெற்றிக்கு மேல் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு அதைத் தேடுகிற மனுஷன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிறவர்.

"சவரி, ஈயப்பத்துல ஒரு பர்மனெண்ட் இடம் காலி இருக்கு, தெரியுமா?"

"தெரியும் சார்."

"சீனியாரிட்டிப்படி பாத்தா நீயும் உசேனும் ஒரே நாள்ல சேந்தவங்க. ரெண்டு பேர்ல ஒருத்தன். சரி, அதை விடு. வெள்ளிக்கிழமை உன்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவாங்க. அடுத்த பலகை நீதான். அந்த வார்த்தை கெட்ட வார்த்தைதான்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

"சார், அது கெட்ட வார்த்த இல்லியே சார்."

"எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா இந்த ஊர்ல குடியிருக்கேன்." தேவப்பிரியம் குரலைத் தாழ்த்தினார். "லேபர் ஆபீசர் அய்யாவுக்கும் இப்பத் தெரியும். ஆனா அன்னிக்கு மேனேஜர் துரை கேட்டப்போ, அது ரவுடிங்க பேசற கெட்ட வார்த்தைன்னு சொல்லிட்டார். துரைகிட்டச் சொன்னதை மாத்திச் சொல்ல முடியுமா? வந்து மூணு மாசம்கூட ஆகலை, அவரும் டெம்பரவரிதான். அவருக்கும் வேலை ஊர்ஜிதம் ஆகணும்." மேஜைமேல் இருந்த கண்ணாடிக் கூட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "உன் சம்சாரத்துக்கு எத்தனாம் மாசம்?"

"ஏழு சார்."

"ஆனி கடைசியில உனக்குப் பிரேக். ஆடியில பிரசவம். கணக்குப் பாத்தேன், அதான் கேட்டேன்" என்றார் தேவப்பிரியம். அவர் மிரட்டவில்லை. மனசார வருத்தப்பட்டுத்தான் சொன்னார். சவரிநாதனுக்கு அவர் மிரட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

*

வியாழக்கிழமை சாயங்காலம் ஐரீன் பழைய சோற்றைப் பிழிந்து வைத்து, நெத்திலிக் கருவாட்டைத் தணலில் சுட்டுக்கொண்டிருந்தாள். சவரிநாதன் வாசலில் குந்தியிருந்தான். நடந்ததையெல்லாம் அவளிடம் முந்தின நாளே சொல்லியிருந்தான்.

"இன்னாய்யா முடிவு பண்ண?"

"இன்னா முடிவு பண்றது? அப்பான்னு அர்த்தம், கெட்ட வார்த்த இல்லன்னு சொல்லிட வேண்டியதுதான்."

"சொல்லிடு."

"சொல்லிட்டா அந்த எடம் போயிடும்."

"போவட்டும்."

"நீ வாயால சொல்ற, போவட்டும்னு."

ஐரீன் கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். "பின்ன இன்னா சொல்லச் சொல்ற? அவன் மேல பொய்க் கையெழுத்து போடுன்னு நான் சொல்லணுமா? என் புள்ளைய இஸ்துகினு ஓடினவன்யா அவன்." குனிந்து தணலை ஊதினாள். "ஆனா போன வாட்டி மாரி அந்த ஆஸ்பத்திரிப் படிக்கட்டுல நிக்கறதுக்கு எனுக்கு தெம்பு இல்ல. அத்தயும் சொல்லிட்டேன். ரெண்டும் நெஜம். நீ எத்த வோணா எடுத்துக்கோ."

ஒரு கையால் கருவாட்டைத் தட்டில் எடுத்து வைத்தாள், இன்னொரு கை வயிற்றின்மேல் இருந்தது.

உசேன் வந்தான். வாசலில் ஒரு மண்ணெண்ணெய் டின் கவிழ்த்துக் கிடக்கும், ஒட்டு சரியில்லாமல் கழித்தது. அது உசேனுடைய டின். அவன் வந்தால் அதில்தான் குந்துவான், வேறு யாரும் குந்தமாட்டார்கள். பின்னாலேயே சாபிரா ஒரு கிண்ணத்தில் இறால் தொக்கை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஐரீனு, காத்திவாக்கத்துலருந்து எங்க அண்ணன் கொணாந்தாரு, கழிமுகத்து எறா. மாசமா கீற, துன்னு."

"உனுக்கு வெச்சுக்கினியாடி?"

"அவரே பாதி துன்னுட்டாரு. நாளைக்கு விசாரணையாம், தெம்பு வோணுமாம்."

உசேன் டின்னில் குந்தித் தொடையைத் தட்டினான். "நைனா, நாளைக்கி நீதான் சாட்சின்னு கேட்டதும் எனுக்கு பேஜாரே போச்சு. வேற எவனாச்சும்னா பயந்துடுவான். நீ படிச்சவன். சுத்தமா எடுத்து சொல்லுவ."

சவரிநாதன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"நா இன்னா கேக்கறேன்னா," என்றான் உசேன், "அந்தாளு கால்ல ஈயம் வுழுந்திருந்தா, இந்நேரம் கட்டையில நடந்துகினு இருப்பான். அப்போ எவன் நோட்டீசு ஒட்டுவான்? மரியாதையா கூப்புடணும்னா அவசரத்துல இன்னான்னு கூப்புடறது? மேன்மை தங்கிய லேபர் ஆபீசர் அவர்களேன்னு ஆரம்பிச்சா, முடிக்கறதுக்குள்ள காலு வெந்துடும்."

சாபிரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஐரீனுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"இன்னா நைனா, பேசாம கீற?"

"ஒண்ணுமில்ல. தல நோவுது. ஆசிட் பொக."

"நாளைக்கி ஒரு நாளு. அப்பால சரியாயிடும்" என்று உசேன் எழுந்தான். டின்னை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனான்.

சவரிநாதன் அன்று படுத்தபோது ஒரு முடிவுக்கு வந்திருந்தான் என்பதை இங்கே சொல்லிவிடவேண்டும். உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவு. நைனா என்றால் அப்பா, தெலுங்குக்காரர் வீட்டில் இன்றைக்கும் பெற்ற அப்பனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், எங்கள் பக்கத்தில் அது அன்பாகச் சொல்வது. இந்த மூன்று வாக்கியத்தையும் சுத்தமான தமிழில் மனப்பாடம் செய்துகொண்டான். அவன் கோழை இல்லை.

*

லேபர் ஆபீசர் அறை தெற்குப் பக்கத்தில் இருந்தது. சவரிநாதன் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. தரை வழவழவென்று இருந்தது, தன் பாதத்தின் தடம் அதில் பதிவதைப் பார்த்து அவன் விரல்களை மடக்கிக்கொண்டு நடந்தான். வராந்தாவில் உசேன் துவைத்த சட்டையோடு நின்றுகொண்டிருந்தான், கண்ணைச் சிமிட்டினான்.

உள்ளே மின்விசிறி சுற்றியது. மேஜைக்குப் பின்னால் வேங்கடவரதன். பக்கத்தில் தேவப்பிரியம், பேனாவும் காகிதமுமாக. இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, பிரம்பு பின்னியது.

சவரிநாதன் மூன்று வாக்கியங்களையும் வாய்க்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். சரியாக வந்தது.

வேங்கடவரதன் நிமிர்ந்து பார்த்தார். கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்தால், களைத்துப் போன முகமாக இருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "வாப்பா" என்றார். நாற்காலியைக் காட்டினார். "உட்கார்."

ஏழு வருஷத்தில் அந்தக் கம்பெனியில் யாரும் அவனை உட்காரச் சொன்னதில்லை. நில், போ, வா, தூக்கு, இறக்கு, இவ்வளவுதான் கேட்டிருக்கிறான். நாற்காலியைப் பார்த்தான். வேட்டியின் துருக்கறையைப் பார்த்தான். அந்தப் பிரம்பில் கறை ஒட்டிக்கொள்ளுமே என்று பதறிப்போனான். பதற்றத்தில் மனசு நெகிழ்ந்துவிட்டது. நெகிழ்ந்த மனசிலிருந்து வார்த்தை தானாக வந்தது.

"இருக்கட்டும் நைனா, நா இப்டியே நிக்கிறேன்."

தேவப்பிரியத்தின் பேனா நின்றது.

சவரிநாதனுக்குத் தான் என்ன சொன்னோம் என்று புரிய ஒரு கணம் ஆயிற்று. மனப்பாடம் செய்த மூன்று வாக்கியமும் போன இடம் தெரியவில்லை.

"இப்போ என்ன சொன்னே?" என்றார் வேங்கடவரதன்.

"அய்யா... தெரியாம... அது மரியாதைங்க அய்யா. அப்பான்னு..."

"நான் உனக்கு அப்பாவா?"

"இல்லீங்க அய்யா."

வேங்கடவரதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே ரொம்ப நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தார். அந்த நேரத்தில் அவருக்குள் என்ன ஓடியதோ, நமக்குத் தெரியாது. உட்காரச் சொன்னதற்கு நன்றியாக வந்த வார்த்தை அது என்பது அவருக்குப் புரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். புரிந்தது ஒன்றுக்கும் உதவவில்லை.

"தேவப்பிரியம், இவன் சொன்னது உமக்குக் காதில் விழுந்ததா?"

தேவப்பிரியம் இவரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "மின்விசிறிச் சத்தத்தில எனக்கு ஒண்ணும் விழலைங்க அய்யா."

"எனக்கும் விழவில்லை" என்றார் வேங்கடவரதன் மெதுவாக. "ஆனால் பார், சவரிநாதன். விழுந்திருந்தால் உன்மேலும் ஒரு சார்ஜ் ஷீட் போடவேண்டியிருக்கும். நோட்டீஸ் ஒட்டினபிறகு சொன்னது, அதனால் இன்னும் பெரிய குற்றம். இரண்டு பேரும் போகவேண்டியிருக்கும். எனக்கு அதில் இஷ்டமில்லை."

தேவப்பிரியம் காகிதத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தார். பேனாவை அதன்மேல் வைத்தார். "உன் வீட்டை நினைச்சுக்கோ" என்றார் காதோடு.

சவரிநாதன் படித்தான். படிக்கத் தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்கு நினைத்ததுபோல் அவன் வாழ்நாளில் நினைத்ததில்லை. 'நைனா என்பது மரியாதைக் குறைவான வசைச்சொல் என்பதையும், உசேன் என்பவர் அதை அறிந்தே அதிகாரியை நோக்கிக் கூறினார் என்பதையும் நான் நன்கறிவேன்.' இரண்டு பேரும் போனால் உசேனுக்கும் பிரயோசனமில்லை, தனக்கும் இல்லை என்று ஒரு கணக்கு மனசில் ஓடியது. அந்தக் கணக்கில் தப்பே இல்லை. அதனால்தான் அது அத்தனை அசிங்கமாக இருந்தது. கம்பவுண்டர் எழுந்து வந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டது நினைவுக்கு வந்தது. கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்தபோது உசேன் ஓடி வந்தான். "சொல்லிட்டியா நைனா?"

"ம்" என்றான் சவரிநாதன்.

"தெரியும் எனுக்கு!" என்று அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உசேன் உள்ளே போனான்.

சவரிநாதன் அங்கிருந்து போயிருக்கலாம். வராந்தாவிலேயே நின்றான். உள்ளே தேவப்பிரியம் காகிதத்தை உரக்கப் படிப்பது கேட்டது, கடைசியில் தன் பெயரும் கேட்டது. உசேனின் குரல் ஒரே ஒரு தடவை, "அவனா போட்டான்?" என்று கேட்டது. வெளியே வந்தவன் நேராக நடந்து வடக்கு கேட்டுக்குப் போனான். இடுப்பிலிருந்து தகரப் பில்லையை எடுத்து ஜன்னலில் வைத்தான். ஒரு திட்டு இல்லை, ஒரு கேள்வி இல்லை. சவரிநாதன் திட்டுக்காக அன்று முழுக்கக் காத்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரமே உசேனும் சாபிராவும் சாமான்களைத் தட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு காத்திவாக்கம் போய்விட்டார்கள், சாபிராவின் அண்ணன் வீட்டுக்கு. ஐரீன் வாசலில் நின்று அழுதாள். சாபிரா வந்து அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டுப் போனாள். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று ஐரீனுக்கு விளங்கவில்லை, கேட்கவும் வாயில்லை.

*

ஆனி கடைசியில் சவரிநாதனுக்குப் பிரேக் வரவில்லை, பித்தளை வந்தது. டீ நேரத்தில் அலுமினியத் தம்ளரோடு அவன் வந்து குந்தினால், ஜெயக்கொடி தன் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்து போவாள். தொட்டிக்குப் புது ஆள் வந்தான். குமிழி வந்தால் "ஏழாம் நம்பர் லீக்கு" என்று மட்டும் சொல்வான். ஷெட்டில் இப்போது எல்லோரும் எல்லோரையும் சார் என்று கூப்பிட்டார்கள், தப்பித்தவறி வேறு வார்த்தை வாயில் வந்துவிடுமோ என்று. கம்பெனிக்கு அதில் ரொம்பத் திருப்தி.

ஆடி மூன்றாம் வாரம் ஐரீனுக்கு வலி கண்டது. கம்பவுண்டர் கேட்பதற்கு முன்னாலேயே சவரிநாதன் பில்லையை எடுத்து மேஜைமேல் வைத்தான். நர்ஸ் வந்தாள், கட்டில் கொடுத்தார்கள், வெந்நீர் கொடுத்தார்கள். ஆண் பிள்ளை. பிள்ளை அழுத அழுகை வெளியே படிக்கட்டு வரைக்கும் கேட்டது. சவரிநாதன் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து தானும் அழுதான். சந்தோஷத்தில் அழுகிறான் என்று கம்பவுண்டர் தட்டிக்கொடுத்தார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருந்த நேரத்தில், உசேனும் சாபிராவும் வந்தார்கள். சாபிரா கையில் இறால் கூடை. உசேன் கறுத்திருந்தான். கழிமுகத்துச் சேற்றில் நாள் முழுக்க நின்று இறால் தடவுகிற வேலை, கால் விரல்களின் இடுக்கெல்லாம் வெளுத்துப் புண்ணாகியிருந்தது. சாபிரா நேராக உள்ளே போய்ப் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு வந்து உசேன் கையில் கொடுத்தாள்.

உசேன் பிள்ளையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். பழைய சிரிப்பு வந்தது.

"இன்னா நைனா! இன்னா மொறைக்கிற? எங்க வூட்டு எறா துன்னுதானே உங்கம்மா வயித்துல வளந்த? கை காலு எல்லாம் கல்லு மாரி கீதே! டேய் நைனா, சிரி பாப்போம்!"

பிள்ளை கையை உதறி அவன் மூக்கில் இடித்தது. ஐரீன் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். சவரிநாதனுக்கு நெஞ்சிலிருந்த பாறாங்கல் நகர்வதுபோல் இருந்தது. ஓடிப்போய் வாசலில் கிடந்த அந்த டின்னை எடுத்தான். நாலு மாசமாக அதில் யாரும் குந்தவில்லை. தோளிலிருந்த துண்டால் துடைத்து, உசேனுக்குப் பின்னால் போட்டான்.

"குந்துப்பா. நின்னுகினே கீறியே, குந்து."

உசேன் பிள்ளையைச் சாபிராவிடம் கொடுத்தான். டின்னைப் பார்த்தான். பிறகு சவரிநாதனைப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. கம்பெனி ஆபீசில் வேலைக்காரன் நிற்பானே, அந்த மாதிரி கொஞ்சம் ஒதுங்கி நின்றான்.

"இருக்கட்டும் சார். நா இப்டியே நிக்கிறேன்."

சவரிநாதனுக்கு முகம் வெளுத்தது. "இன்னாடா இது, சாரு மோருன்னு..."

"பித்தள ஆளு நீங்க. தெரியாம எதுனா வாயில வந்துட்டா தப்பாயிடும் சார்" என்றான் உசேன். "சாபிரா, வா, எறா வெயில்ல காயும். வர்றேன் சார்."

இருவரும் ரயில்பாதைப் பக்கம் நடந்தார்கள். உள்ளே பிள்ளை அழ ஆரம்பித்தது. சவரிநாதன் வாசலில் நின்று கூப்பிட வாயெடுத்தான். உசேனைக் கூப்பிட அவனிடம் இருந்தது நைனா என்ற அந்த ஒரு வார்த்தைதான், அதன்கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டின்னை எடுத்துப் பழைய இடத்திலேயே கவிழ்த்து வைத்தான்.